ஒரு சோறு பதம் போதுமா?



இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பகுதி எழுத வேண்டியது என் முறை. "புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே, நீ பார்த்ததை எழுது" என்று அறிவியல் டீச்சர் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு எனாமல் தட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! இந்தக் கட்டுரை தட்டில் ஆரம்பித்து விமானம் வரைக்கும் போகும்.

ஆயாவின் தட்டு

எங்க ஆயாவிடம் மூணு எனாமல் தட்டு இருக்கு. வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் நீலப் பூ. சில பேர் இதைப் பீங்கான் தட்டு என்றும் சொல்வார்கள். ஆயா கல்யாணம் ஆகி வந்த புதுசில் வாங்கியதாம். எவர்சில்வர் தட்டு எத்தனை இருந்தாலும் அவங்க சாப்பிடுவது இதில்தான்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை நழுவி ஒரு தட்டு கல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை. அடிப்பக்கத்தில் மட்டும் கடுகு அளவு பூச்சு தெறித்து, கருநீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. "இவ்வளவுதானே" என்று நினைத்து, அந்தப் பக்கம் தெரியாத மாதிரி அடியில் வைத்து அடுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் பொங்கல் லீவில் ஆயா அதில் கஞ்சி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாங்க. கஞ்சி சொட்டுச் சொட்டாகப் புடவையில் ஒழுகியது. திருப்பிப் பார்த்தால், கடுகு இருந்த இடத்தில் நாலணா அளவுக்குப் பழுப்பாகத் துரு. நடுவில் ஓட்டை! மேல்பக்கம் பார்த்தால் பூ பளபளவென்று அப்படியே இருந்தது. இரும்பை அடியிலிருந்தே துரு தின்றுவிட்டது.

அப்போது மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் ஒரு ரசாயன கம்பெனியில் வேலை பார்க்கிறார். தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுதான் என் வேலையே. ஒரு தட்டுக்குப் பதிலா ஒரு ரூம் அளவு பாத்திரம். கஞ்சிக்குப் பதிலா ஆசிட். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எனாமல் என்றால் என்ன?

எனாமல் பெயின்ட் வேறு, இந்த எனாமல் வேறு. இது இரும்பின் மேல் உருக்கி ஒட்ட வைத்த கண்ணாடி. மணல், போராக்ஸ் முதலியவற்றை உலையில் உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் கொட்டினால் படபடவென்று நொறுங்கும். அதைக் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்து இட்லி மாவு மாதிரி அரைப்பார்கள். இரும்புத் தட்டை அந்த மாவில் முக்கி, காயவைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையில் வைத்தால் மாவு உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சூட்டில் சுட்டு ஆக்குகிற பூச்சுகளுக்கு செராமிக் பூச்சு என்று பொதுப்பெயர். பானை, செங்கல், பீங்கான் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

முதல் பூச்சில் கோபால்ட் ஆக்சைடு கலப்பார்கள். அது கண்ணாடியை இரும்போடு இறுக்கிப் பிடிக்க வைக்கும். கோபால்ட் கலந்தால் கருநீல நிறம் வரும். வெள்ளைத் தட்டு தெறித்தால் உள்ளே கருநீலம் தெரிவது ஏன் என்று இப்போது புரிந்ததா?

இன்னொரு அதிசயம். உலையிலிருந்து எடுத்து ஆறும்போது இரும்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். அதனால் இரும்பு கண்ணாடியை எப்போதும் அமுக்கிப் பிடித்தபடியே இருக்கும். கண்ணாடியை இழுத்தால் சீக்கிரம் உடையும், அமுக்கினால் நன்றாகத் தாங்கும். எனாமல் தட்டு இத்தனை வருஷம் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரும்புக்குப் பலம் உண்டு, ஆனால் துருப்பிடிக்கும். கண்ணாடிக்குத் துரு இல்லை, ஆனால் உடையும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைக்கிறது. ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்த ஒப்பந்தம் முறிந்துவிடும்.

மாமாவின் பெரிய பாத்திரம்

மருந்து செய்கிற கம்பெனிகளிலும் ரசாயன கம்பெனிகளிலும் இப்படி உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட பெரிய இரும்புக் கலன்கள் இருக்கும். உள்பூச்சு 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. (ஹைட்ரோபுளோரிக் அமிலம் மட்டும் கண்ணாடியையே தின்றுவிடும். சூடான காரமும் அரிக்கும். அதனால் அவற்றை இதில் வைக்கமாட்டார்களாம்.)

ஆனால் அந்தப் பூச்சில் ஓர் ஓட்டை இருந்தால்? அமிலம் இரும்பைத் தொடும். இரும்பும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும் என்று நாமும் படித்திருக்கிறோம். அது தீப்பற்றும் வாயு. கலனின் வெளிப்பக்கம் பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். உள்ளே நாளுக்கு நாள் குழி ஆழமாகும். ஒருநாள் கஞ்சி ஒழுகிய மாதிரி அமிலம் ஒழுகும். கீழே நிற்பவர்கள் மனிதர்கள்.

சரி, ஓட்டை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்களே, அந்த மாதிரி ஒரு இடத்துல கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால் தெரியாதா மாமா?" என்று கேட்டேன்.

மாமா சிரித்துவிட்டுச் சொன்னார்: "பானையில எல்லா அரிசியும் ஒரே தண்ணியில, ஒரே நெருப்புல வேகுது. அதனால ஒண்ணை நசுக்கினா மத்ததோட கதை தெரியும். போனா ஒரு சோறுதானே போகும். ஆனா இங்க ஓட்டை ஒரே இடத்துலதான் இருக்கும். நான் வேற இடத்தைப் பார்த்தா அது தெரியாது. நான் பெயர்த்துப் பார்த்தா அந்த இடமே புது ஓட்டை ஆயிடும்!"

எனக்குப் புரிந்தது. ஒரு இடம் விடாமல் முழுசும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு இடமும் கெடக் கூடாது. இப்படிப் பொருளுக்குக் கெடுதல் வராமல் சோதிப்பதற்கு சேதமில்லாச் சோதனை என்று பெயர். கம்பெனிகளில் சுருக்கமாக என்.டி.டி. என்பார்கள். டாக்டர் நம் வயிற்றைக் கிழிக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது போல.

ஐந்து வழிகள்

1. கண்ணும் சாயமும்

பழைய டீ கப்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள் தெரியும், பார்த்திருக்கிறீர்களா? விரிசல் முதலிலேயே இருந்திருக்கும். டீ உள்ளே இறங்கியதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இதையே சோதனையாகச் செய்கிறார்கள். நிறமுள்ள திரவத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே துடைத்துவிடுவார்கள். பிறகு வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயத்தைப் பொடி மை ஒற்றும் தாள் மாதிரி வெளியே இழுக்கும். விரிசல் கோடாகத் தெரியும்.

2. காது

வீடு கட்டும்போது கொத்தனார் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் "பொத் பொத்" என்று கேட்கும். சந்தையில் பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பதும் இதுதான். இதுவும் சேதமில்லாச் சோதனையே. கண்ணாடிப் பூச்சை மட்டும் சுத்தியால் தட்டக் கூடாது!

3. காந்தம்

பூச்சு எவ்வளவு கனம் என்று அறுக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் ஒரு காந்தத்தை பீரோ கதவில் ஒட்டுங்கள். பிறகு நடுவில் ஒரு தாள், இரண்டு தாள், பத்துத் தாள் என்று வைத்து ஒட்டுங்கள். தாள் கூடக் கூடப் பிடிப்பு குறையும். எனாமலும் அப்படித்தான். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் அது எவ்வளவு கனமோ, அவ்வளவுக்கு இழுவிசை குறையும். அதை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. தொட்டவுடன் எண் காட்டும்.

அடியில் இருக்கும் உலோகம் காந்தத்தில் ஒட்டாததாக இருந்தால் சுழல் மின்னோட்டம் உதவும். கம்பிச் சுருளில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் ஓடும். அது பக்கத்தில் உள்ள உலோகத்தில் சின்னச் சின்ன மின்சுழல்களை உண்டாக்கும். செராமிக்கில் அந்தச் சுழல் வராது. ஆகவே உலோகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கருவி கண்டுபிடித்துவிடும். அந்தத் தூரம்தான் பூச்சின் கனம்.

4. மின்பொறி

இதுதான் மாமா செய்கிற வேலை. கண்ணாடி வழியே மின்சாரம் போகாது. ஓட்டை வழியே போகும். இவ்வளவுதான் தத்துவம்.

கலனின் இரும்பை எர்த்தோடு இணைத்துவிட்டு, உலோகக் கம்பிகளால் ஆன ஒரு பிரஷ்ஷில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்து, பூச்சின் மேல் பெருக்குவது போல மெதுவாக நகர்த்துவார்கள். நல்ல இடத்தில் ஒன்றும் நடக்காது. ஓட்டை வந்தால் "சட்" என்று நீலப் பொறி அதற்குள் பாயும். அந்த இடத்தில் குறி போடுவார்கள்.

எத்தனை வோல்ட்? கணக்குப் போடலாம். 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட மின்பொறிக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பூச்சு 1.5 மில்லிமீட்டர் என்றால் ஓட்டைக்குள் இருக்கும் காற்றைத் தாண்ட சுமார் 4,500 வோல்ட். நல்ல கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆகவே 4,500-க்கு மேலே, ஆனால் கண்ணாடி தாங்கும் அளவுக்குக் கீழே வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் ஓட்டை தெரியாது. கண்டபடி ஏற்றினால் நல்ல பூச்சையே மின்சாரம் துளைத்துவிடும். அப்புறம் அது சேதமில்லாச் சோதனையா?

உள்ளே இறங்கும் முன்னால் கலனைக் கழுவிக் காயவைத்து, எரியும் வாயு இல்லை என்று சோதித்து, வெளியே ஒருவரைக் காவல் நிறுத்துவார்களாம். பொறி பறக்கிற இடத்தில் வாயு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாமா பெல்ட், மோதிரம், பாக்கெட்டில் உள்ள சில்லறை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டுதான் இறங்குவார். ஒரு நாணயம் விழுந்தாலும் கண்ணாடி தெறிக்கலாம்.

சின்ன ஓட்டை கிடைத்தால் டான்டலம் என்கிற உலோகத்தில் செய்த திருகை டெஃப்லான் வாஷரோடு வைத்து அடைப்பார்கள். டான்டலத்தை அந்த அமிலம் ஒன்றும் செய்யாது. நம் ஊரில் குடத்துக்கு அடைப்பு வைக்கிற மாதிரிதான்!

5. வெப்பம்

இப்போது விமானத்துக்கு வருவோம். ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் தகடுகள் நிக்கல் கலந்த உலோகத்தால் ஆனவை. அவற்றைத் தாக்கும் வாயுவின் சூடு அந்த உலோகம் உருகும் சூட்டைவிட அதிகம். பிறகு எப்படி உருகாமல் இருக்கிறது? தகட்டின் உள்ளே குளிர்காற்றுக்கு வழி விட்டிருப்பார்கள். மேலே இட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற செராமிக்கைப் பூசியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் கனம். ஆனால் உலோகத்துக்குப் போகிற சூட்டை நூறு டிகிரிக்கு மேல் குறைத்துவிடும். 1976-ல் அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பூச்சை டர்பைன் தகடுகளில் போட்டு எஞ்சினில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று உலகமெங்கும் விமான எஞ்சின்களில் இது இருக்கிறது.

இந்தப் பூச்சு தகட்டை விட்டு மெல்லக் கிளம்பினால் ஆபத்து. ஆனால் மேலே பார்த்தால் தெரியாது. மின்பொறிச் சோதனையும் சாயச் சோதனையும் இங்கே பயன்படாது. ஏனென்றால் இந்தப் பூச்சில் இயல்பாகவே நுண்துளைகள் உண்டு. எங்கே பார்த்தாலும் ஓட்டை என்றுதான் காட்டும்.

அதனால் வேறு வழி. பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் விளக்கை அடித்து மேல்பரப்பை ஒரு நொடி சூடாக்குவார்கள். உடனே வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவால் பார்ப்பார்கள். பூச்சு ஒட்டியிருக்கும் இடத்தில் சூடு உலோகத்துக்குள் இறங்கிச் சீக்கிரம் ஆறிவிடும். கிளம்பிய இடத்தில் அடியில் காற்று இருக்கும். சூட்டுக்கு இறங்க வழியில்லை. அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதல் சூடாக நிற்கும். கேமராவில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்!

நாங்கள் செய்த சோதனை

பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். "பொறி வேண்டாம், பேட்டரியை வைத்தே செய்யலாம்" என்றார்கள். மெல்லிய பூச்சுகளுக்கு ஈரப் பஞ்சு வைத்துக் குறைந்த வோல்ட்டில் சோதிக்கும் முறை கம்பெனிகளிலும் உண்டாம்.

தேவையானவை: 9 வோல்ட் சதுர பேட்டரி, 470 ஓம் மின்தடை, ஒரு எல்.இ.டி. பல்பு, ஒயர், ஸ்பாஞ்சுத் துண்டு, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு.

செய்முறை: பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து மின்தடை, அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக் கால். குட்டைக் காலில் ஒயர் இணைத்து, அதன் செம்பு முனையை ஸ்பாஞ்சில் சொருக வேண்டும். பேட்டரியின் கழித்தல் முனையை, தட்டில் பூச்சு போய் இரும்பு தெரியும் இடத்தில் சேர்க்க வேண்டும். ஸ்பாஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, தட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல இடத்தில் பல்பு எரியாது. ஓட்டை இருந்தால் உப்புத் தண்ணீர் அதில் இறங்கி இரும்பைத் தொடும். பல்பு எரியும்.

எச்சரிக்கை: பேட்டரி மட்டும்தான். வீட்டுக் கரண்டில் யாரும் இதைச் செய்யக் கூடாது!

முதல் தடவை எங்களுக்குத் தப்பாகிவிட்டது. ஸ்பாஞ்சைச் சரியாகப் பிழியவில்லை. தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடி இரும்பைத் தொட்டுவிட்டது. எங்கே வைத்தாலும் பல்பு எரிந்தது! தட்டைத் துடைத்துக் காயவைத்து மறுபடி செய்தோம்.

ஆயாவின் மூன்று தட்டுகளையும் சோதித்தோம். ஓட்டைத் தட்டில் எரிந்தது, அது தெரிந்த கதை. இரண்டாவது தட்டில் எரியவே இல்லை. மூன்றாவது தட்டு பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். அதில் எரியாது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் நீலப் பூவின் இதழ் பக்கம் போனதும் பல்பு லேசாக எரிந்தது. ஸ்பாஞ்சை எடுத்தோம், அணைந்தது. வைத்தோம், எரிந்தது. பேனாவால் வட்டம் போட்டுவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஊசி குத்தின மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி! இத்தனை நாள் தினமும் கழுவிய என் கண்ணுக்கே அது தெரியவில்லை.

கடைசியாக ஒன்று

மாமா கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டாம். கலனுக்குள் ஸ்பானரோ போல்ட்டோ தவறி விழுந்தால், விழுந்த உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னவரை யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள், பிறகு எந்தக் கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று மாமா சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோதனை முடிந்து தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போன அன்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன். "ஆயா, அந்தத் தட்டை ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான்தான் கீழ போட்டேன்."

ஆயா முறுக்குப் பிழிந்துகொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. சத்தம் கேட்டுச்சே. நீயா வந்து சொல்வேன்னு பார்த்தேன்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அடிபட்டுச்சுன்னு காட்டியிருந்தீன்னா, தண்ணியில போடாம துடைச்சுக் காய வச்சிருப்பேன். இன்னும் ரொம்ப நாள் வந்திருக்கும்" என்றாங்க. திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

இப்போது ஓட்டைத் தட்டில் ஆயா வெண்டை விதை காயவைக்கிறாங்க. வட்டம் போட்ட தட்டில் வெற்றிலை பாக்கு மட்டும் வைக்கிறாங்க. நல்ல தட்டில் சாப்பிடுறாங்க. உங்கள் வீட்டில் எனாமல் தட்டோ டம்ளரோ தெறித்திருந்தால் அதில் சாப்பிட வேண்டாம். தெறித்த துண்டு கண்ணாடிதான், வயிற்றுக்குள் போகலாம்.

யார் வீட்டிலாவது எனாமல் பாத்திரம் இருந்தால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு எடுத்து வாருங்கள். பேட்டரியும் ஸ்பாஞ்சும் எங்கள் வகுப்பு ஜன்னல் ஓரம் தயாராக இருக்கு. உடைக்காமல் சோதித்துத் தருகிறோம். கீழே போட்டது யார் என்று மட்டும் கேட்க மாட்டோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி